பொம்மைகள் உட்கார்ந்த கடை

எங்க கடையில பொம்மைக்கு நாற்காலி போட்டாவ, எங்களுக்குப் போடலை. இதை நான் கோவத்துலதான் சொல்லுதேன். கோவப்படாம இதைச் சொல்லத் தெரிஞ்சவ எவளாவது இருந்தா அவகிட்டப் போய்க் கேட்டுக்கிடுங்க. என் பேரு பேச்சித்தாய். பூரணவல்லி ஸ்டோர்ஸ்ல பட்டு செக்‌ஷன்ல நிக்கவ. வேலை பாக்கவன்னு சொல்லமாட்டேன், நிக்கவன்னுதான் சொல்லுவேன், ஏன்னா காலையில ஷட்டரைத் தூக்குனதுல இருந்து ராத்திரி இறக்குத வரைக்கும் நிக்கதுதான் எங்க வேலை, சேலை விக்கது அதுக்கு நடுவுல நடக்கது.

உக்கார வசதி செஞ்சு குடுக்கணும்னு சர்க்கார் சட்டம் போட்டிருக்கு. முதலாளி ஆதிமூலம் அண்ணாச்சி சட்டத்துக்கு மரியாதை குடுக்கவரு, அதனால பிளாஸ்டிக் ஸ்டூலா வாங்கி குடோன்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருந்தாவ, ஆபீசர் வந்தா எடுத்துப் போட, அவரு போனா எடுத்து அடுக்க. செவுத்துல சாயக்கூடாது, மேஜையில கை ஊனக்கூடாது, ஃப்ளோர் மேனேஜர் டேனியல் சார் கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாரு. "நீங்க உக்காந்திருந்தா உள்ள வர்ற லட்சுமி திரும்பிப் போயிருவா"ன்னு அண்ணாச்சி சொல்லுவாவ. அந்த லட்சுமியே தாமரையில சம்மணம் போட்டு உக்காந்துதான் இருக்கா, படம் கல்லாவுக்கு மேலேயே மாட்டியிருக்கு, ஆனா அதைச் சொன்னா வேலை போயிரும்.

எங்கள்ல சண்முகக்கனி கைராசிக்காரி. அவ எடுத்து விரிச்ச சேலைதான் கடைக்கு தினமும் போணி, அவ கையால போணி ஆகலைன்னா அன்னைக்குப் பூரா அண்ணாச்சி முகத்துல ஈயாடாது. அந்தக் கைராசியே அவளுக்கு எமனா வந்து முடிஞ்சுது பாத்துக்கிடுங்க. முந்தி ஒரு ஆடித் தள்ளுபடியில, கூட்டம் நெரிச்ச நேரத்துல, அஞ்சு மாசக் கரு நின்ன நிலையிலேயே கலைஞ்சு போச்சு. டாக்டரம்மா எந்திரிக்கவே கூடாதுன்னு படுக்கப் போட்டிருக்கா, மறுநாளே அண்ணாச்சி கார் அனுப்புதாவ, போணிக்கு மட்டும் வந்துட்டுப் போம்மான்னு. வந்தா. சாயங்காலம் வரைக்கும் நின்னா. இந்தப் பாவத்தை எந்தத் தாமிரபரணியில கொண்டு போய்க் கழுவ?

இப்ப கனி மறுபடியும் உண்டாகியிருந்தா. உக்காந்து வேலை பாத்தாத்தான் இது தங்கும், நின்னேன்னா இதுவும் போயிரும்னு டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிட்டா. கனி போய் டேனியல் சார்கிட்ட ஒரே ஒரு ஸ்டூல் கேட்டா. அவரு அண்ணாச்சிகிட்டக் கேட்டுட்டு வந்து, "முடியலைன்னா நின்னுக்கிடச் சொல்லு வேலையை விட்டு"ன்னாரு. புருஷன் ஹார்பர்ல லோடு தூக்கித் தண்டுவடம் போய்ப் பாயில கிடக்கான், அவ எங்கே வேலையை விட? அதனால நின்னா, வயித்துல ஒரு கை, மேஜை விளிம்புல ஒரு கை, கேமரா பாக்கும்போது அந்தக் கையையும் எடுத்துக்கிட்டு.

அந்தச் சமயத்துலதான் கடைக்கு ஆம்ப்ளிஃபயர் வந்துச்சு. அதுவரைக்கும் ஒரே பொட்டியில ஒரே பாட்டு, பட்டு எடுக்க வந்தவுக காதுலேயும் பாத்திரம் எடுக்க வந்தவுக காதுலேயும் அதே இரைச்சல். மெட்ராஸ்ல ஒரு பெரிய கடையில மாடிக்கு ஒரு பாட்டு பாடுததைக் கேட்டுட்டு வந்த அண்ணாச்சிக்குத் தூக்கம் வரலை. கோயம்புத்தூர்ல இருந்து நந்தகோபால்னு ஒருத்தரை வரவழைச்சாவ. அவரு சீலிங்கை ஓட்டை போட்டு ஸ்பீக்கரைப் புதைச்சு, மாடிப்படி வழியா வயரை இறக்கி, எல்லாத்தையும் அண்ணாச்சி ரூம்ல ஒரு கறுத்த பொட்டியில கொண்டாந்து சேத்தாரு.

"ஏனுங்க அண்ணாச்சி, ஒவ்வொரு எடமும் ஒரு ஸோனுங்க. பட்டுக்கு நாதஸ்வரம் போட்டுக்கலாம், கொழந்தைங்க துணிக்கு வெளையாட்டுப் பாட்டு போட்டுக்கலாம், சத்தத்தைத் தனித்தனியா கூட்டிக் கொறைச்சுக்கலாமுங்க. மைக்ல ஒரு பட்டனை அழுத்திப் பேசுனா அந்த மாடிக்கு மட்டும் கேக்குமுங்க. இந்தச் செகப்பு பட்டன் எல்லா ஸோனுக்கும். இதுல பேசறது பதிவாகி, பாட்டுக்கு நடுவுல திருப்பித் திருப்பி வந்துட்டே இருக்குமுங்க" அப்படின்னு அவரு விளக்குனாரு.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்லு. எங்க சாப்பாட்டு ரூமுக்கும் ஒரு ஸோன் போடச் சொன்னாவ, அதுல தடதடன்னு அடிக்கிற பாட்டா போட்டா பிள்ளைக சோத்தைச் சீக்கிரம் முழுங்கிட்டு வருவாளுகன்னு. தன்னோட ரூமுக்கு ஒரு ஸோன், கடைக்குப் பின்னால இருக்க தன் வீட்டுக்கு, பூஜை ரூம்ல இருந்து படுக்கிற ரூம் வரைக்கும், இன்னொரு ஸோன். எல்லாம் முடிஞ்சதும் கேட்டாவ பாருங்க ஒரு கேள்வி, உலகத்துல எந்த முதலாளியும் கேட்டிருக்கமாட்டான்: "மிஷினுக்குப் போணி யாரு?"

யாவாரம்னா போணி வேணும், மிஷினுக்கும் முதல் குரல் ராசிக்காரி குரலா இருக்கணும்னு அவுகளா முடிவு பண்ணிட்டாவ. நந்தகோபால் சிரிச்சாரு, "மைக் டெஸ்ட்டுன்னு நானே சொல்லிப் போடறனுங்க"ன்னாரு, அண்ணாச்சி முறைச்ச முறையில வாயை மூடிக்கிட்டாரு. கனி சொல்ல வேண்டியது ரெண்டே வார்த்தை, "வாங்க, உக்காருங்க." அவ காலையிலேயே தலைக்குக் குளிச்சுப் பூ வச்சு, சூடத்தட்டைக் கையில ஏந்திக்கிட்டு மைக்குக்கு முன்னால வந்து நின்னா. நல்ல நேரம் ஆரம்பிக்கும்போது வயர்ல ஏதோ கோளாறு, கோளாறு சரியானப்போ ராகுகாலம், ராகுகாலம் போனா எமகண்டம், எமகண்டம் போனா ஜோசியர் போனை எடுக்கலை. தட்டைக் கீழ வைக்கக்கூடாது, தட்டு ஏந்தினவ உக்காரக்கூடாது, பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாது. உச்சி வெயில் சாஞ்சு, தெருவிளக்கு எரியுத நேரம் வரைக்கும் அவ நின்னா. ஆறு மாசத்து வயித்தோட. அப்புறம் அண்ணாச்சி தேங்காய் உடைச்சு, செகப்பு பட்டனை அழுத்தி, "சொல்லு தாயி"ன்னாவ.

அவ சொன்னா. "வாங்க, உக்காருங்க."

சத்தமாக் கூடச் சொல்லலை. ஆனா அந்தக் குரல் சீலிங்ல இருந்து இறங்கி எல்லா மாடிக்கும் போனப்போ, பட்டு செக்‌ஷன் மேஜைக்குப் பக்கத்துல கல்யாணப் பட்டு கட்டி வருஷக்கணக்கா நின்ன பொம்மை, முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, முழங்காலை மடக்கி உக்காந்துச்சு. அதுக்குப் பக்கத்துல நின்னதும் உக்காந்துச்சு. சுடிதார் பொம்மைக ஒண்ணு தோள்ல ஒண்ணு சாஞ்சு உக்காந்துச்சு, கோட்டு போட்ட ஆம்பளைப் பொம்மைக காலை நீட்டி உக்காந்துச்சு, தலையில்லாத பொம்மைகளும் உக்காந்துச்சு. சேலை பாத்துக்கிட்டிருந்த ஒரு பெரியம்மா திரும்பிப் பாத்துட்டு, "ஆமா, அதுகளும் எம்புட்டு நேரந்தான் நிக்கும், சவம்"னுட்டு, "அந்த மாம்பழக் கலரை எடும்மா"ன்னு என்னைப் பாத்துச் சொல்லிச்சு.

அதுகளும் எம்புட்டு நேரம் நிக்கும்னு கேட்ட மகராசி, என் காலைப் பாக்கலை.

அண்ணாச்சி முதல்ல ஆடித் தீத்துட்டாவ. பொம்மையை நிமித்தி நிமித்தி வச்சுப் பாத்தாவ, பாட்டுக்கு நடுவுல கனி குரல் மறுபடியும் வந்ததும் அது மறுபடியும் உக்காந்துச்சு. ஆனா மறுநாள் ஊரு திரண்டு வந்துச்சே! பள்ளிக்கூடத்துல இருந்து வரிசையா பிள்ளைகளைக் கூட்டியாந்தாவ, பக்கத்து ஊர்ல இருந்து வேன் பிடிச்சு வந்தாவ, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அப்படியே இங்கேயும் வந்து, உக்காந்த பொம்மை மேல இருக்க சேலைதான் வேணும்னு அடம் பிடிச்சாவ. நிச்சயம் பண்ணின பொண்ணு அந்தச் சேலையைக் கட்டினா போற வீட்டுல உக்காந்து சாப்பிடுவான்னு எவளோ ஒருத்தி கிளப்பிவிட்டா, அதுக்கப்புறம் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியலை. வந்தவுகளும் கனி குரலைக் கேட்டு உக்காந்தா எந்திரிக்கவே மனசு வராம இன்னொரு சேலை, இன்னொரு சேலைன்னு எடுத்தாவ. அதோட, "பாத்தியளா நம்ம போணியை"ன்னு அண்ணாச்சி மீசையைத் தடவ ஆரம்பிச்சிட்டாவ.

எங்களுக்கும் அந்தக் குரல் கேட்டுச்சு, கேக்காமலா? ஒவ்வொரு தடவை வரும்போதும் முழங்கால் தானா மடங்கும், முதுகுல யாரோ கையை வச்சு அமுக்குத மாதிரி இருக்கும், நாங்க பல்லைக் கடிச்சு, மேஜைக்கு அடியில சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்ச முகத்தோட நிப்போம். சம்பளம்னு ஒண்ணு இருக்கே. நிக்கது முந்தி ஒரு பங்குன்னா இப்ப ரெண்டு பங்கு வேலை ஆயிப்போச்சு.

தரையில உக்காந்து பட்டு கசங்குதுன்னு அண்ணாச்சி நாற்காலி வாங்குனாவ. யாருக்கு? பொம்மைக்கு! வெல்வெட்டு மெத்தை, சாய்மானம், கை வைக்க இடம், லாரியில வந்து இறங்குச்சு. தூக்கிக்கிட்டுப் போய்ப் பொம்மைக்கு அடியில போட்டது யாருன்னு நினைக்கிய? நாங்கதான். ஒரு காலி நாற்காலியைப் பாத்துட்டு கனி கேட்டா, "சார், இது ஒண்ணு மிச்சம் இருக்கே, கொஞ்ச நேரம்..." டேனியல் சார் குரலைத் தாழ்த்தி, "அது பொம்மைக்கும்மா"ன்னாரு. அவரு கெட்ட மனுஷன் இல்லை, கெட்ட மனுஷனா இருந்தா நான் இவ்வளவு கோவப்பட்டிருக்கமாட்டேன். அன்னைக்குச் சாப்பாட்டு ரூம்ல ஒருத்தியும் சோறு திங்கலை, தடதடன்னு பாட்டு மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

கனிக்கு ஏழு முடிஞ்ச மாசம், ஒரு முகூர்த்த நாள், காலு வைக்க இடமில்லாத கூட்டம். அவ ஒரு அரக்குப் பட்டை விரிச்சுக் காட்டிக்கிட்டே நின்னவ, திடீர்னு வயித்தைப் பிடிச்சா. "பேச்சியக்கா"ன்னா, அவ்வளவுதான், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. முந்தி அந்தப் பிள்ளை போன அன்னைக்கும் இப்படித்தான் "பேச்சியக்கா"ன்னா. நான் மேஜையைச் சுத்தி ஓடுததுக்குள்ள, கல்யாணப் பட்டு கட்டின பொம்மை தன் மடிப்பை ஒதுக்கிக்கிட்டு, நாற்காலியில ஒரு ஓரமா நகந்து உக்காந்துச்சு. கனியும் அந்தப் பாதி இடத்துல உக்காந்தா. பொம்மை அவ முதுகுக்குப் பின்னால கையைக் குடுத்துச்சு.

சுத்தி நின்ன சனம் அதிசயப்படலை. "பஸ்ல கூட புள்ளத்தாச்சிக்கு இடம் விடுதாவல்லா"ன்னு ஒருத்தி சொன்னா. "தண்ணி குடும்மா அதுக்கு"ன்னு இன்னொருத்தி சொன்னா. கனிக்கு வலி மெல்ல மட்டுப்பட்டுச்சு, கண்ணை மூடிக்கிட்டா. அந்தக் கடையில அவ உக்காந்து நான் பாத்தது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி ரூம்ல இருந்து கேமராவுல பாத்திருக்காவ. சனம் பொம்மையைப் பாக்காம கனியைப் பாக்குதே, முகூர்த்த நாளாச்சே, வேலைக்காரி உக்காந்திருக்காளேன்னு தலைக்கு ஏறிப்போச்சு. மைக்கைத் தூக்கி, பட்டு ஸோன் பட்டனை அழுத்துததுக்குப் பதிலா, கோவத்துல உள்ளங்கையால செகப்பு பட்டனை ஓங்கி அடிச்சாவ. "எந்திரிட்டி! எந்திரி!"

எல்லா மாடிக்கும் போச்சு அது. பொம்மைக அத்தனையும் விறைச்சு எந்திரிச்சு நின்னுச்சு. மெத்தையில உக்காந்து பட்டு பாத்துக்கிட்டிருந்த சனமும் யாரோ தலைமுடியைப் பிடிச்சுத் தூக்குன மாதிரி எந்திரிச்சு நின்னாவ, முகம் சுண்டிப்போய், விரிச்ச சேலையை அப்படியே போட்டுட்டு வாசலைப் பாத்து நடந்தாவ. டேனியல் சாரும் எந்திரிச்சு ஓடினவரு தெருவுல போய்த்தான் மூச்சு விட்டாரு, அதுக்கப்புறம் வாசப்படி தாண்டி உள்ள வரலை, கண்ணாடி வழியாவே எங்களை மேற்பார்வை பாத்தாரு.

கனி மட்டும் எந்திரிக்கலை. பக்கத்துல பொம்மை எந்திரிச்சதுல அவளுக்கு முழு நாற்காலியும் கிடைச்சுது, நல்லாச் சாஞ்சு உக்காந்துக்கிட்டா. எங்களுக்கும் ஒண்ணும் ஆகலை. எப்படி ஆகும்? எந்திரி, எந்திரின்னு அந்தச் சொல்லை வருஷக்கணக்கா தினமும் காதுல வாங்கினவளுக நாங்க, தடுப்பூசி போட்ட உடம்பு. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். எதுத்த மேஜையில நிக்க செல்வரதியும் உக்காந்தா. பிறகு ஒவ்வொருத்தியா, மாடி மாடியா, எல்லாரும் உக்காந்தோம். மெத்தை அப்படி ஒரு பதம், பொம்மை சுகப்பட்டுத்தான் இருந்திருக்கு!

வாசலைத் தாண்டின சனத்துக்கெல்லாம் அந்தச் சொல்லு விட்டுப் போச்சு. சொன்னவுகளுக்கு விடலை. அண்ணாச்சி மைக்கை வச்சுட்டு நாற்காலியில உக்காரப் போனாவ, காலு மடங்கலை. வீட்டுக்குப் போனாவ, அங்கேயும் அவுக குரல்தான் ஸ்பீக்கர்ல, பூஜை ரூம்லேயும் எந்திரி, படுக்கிற ரூம்லேயும் எந்திரி. படுக்கவும் முடியலை. பொட்டியோட வயரைப் பிடுங்கிப் பாத்தாவ, குரல் நின்னுச்சு, காலு மடங்கலை. துண்டால தூணோட சேத்துக் கட்டிக்கிட்டுத் தூங்குதாவன்னு வீட்டு வேலைக்காரி வந்து சொன்னா.

ஊரு இதையும் பழகிக்கிட்டுச்சு. திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டு மினி லாரியில கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டே போனாவ, வழியில சாமி வர்ற சப்பரம்னு நினைச்சு ரெண்டு ஊர்ல ஆரத்தி எடுத்துட்டாவ. கல்யாண வீட்டுப் பந்தியில நின்னுக்கிட்டே சாப்பிட்டாவ. அவுககிட்ட நன்கொடை கேக்க வாசல்ல காத்துக் கிடந்தவனெல்லாம், "என்ன பணிவு, நம்மளைக் கண்டதும் எந்திரிச்சு நிக்காரே"ன்னு மெச்சிக்கிட்டு, எலெக்சன்ல நிறுத்தலாமான்னு கூட யோசிச்சான். நிக்கதுல அவரை மிஞ்ச ஆளு கிடையாதுல்லா!

ஆனா காலு வீங்கிருச்சு. செருப்பு நுழையலை, நரம்பு புடைச்சு நீலமா ஓடுச்சு, அந்த நீல நரம்பு எங்க எல்லாருக்கும் உண்டு. மறுபடியும் நந்தகோபாலை வரவழைச்சாவ. அவரு பொட்டியைத் திறந்து பாத்துட்டு, "நீங்க செகப்பு பட்டனை அடிச்சீங்கள்ல, அந்தம்மா குரல் மேல உங்க குரல் பதிவாயிருச்சுங்க. அந்தம்மாவை மறுபடியும் பேசச் சொல்லுங்க, சரியாப் போயிரும்"னாரு.

கனியை நாற்காலியோட மைக்குக்கு முன்னால நகத்திக் கொண்டு வந்தோம். அவ இப்ப முன்னை மாதிரி இல்லை, கன்னத்துல சதை பிடிச்சிருந்துச்சு, கால் வீக்கம் வடிஞ்சிருந்துச்சு, வயித்துல பிள்ளை நல்லாப் புரளுது, டாக்டரம்மா இதே மாதிரி உக்காந்திருந்தாப் போதும்னு சொல்லியிருக்கா. அண்ணாச்சி எதுக்க நிக்காவ. கனி மைக்கைப் பிடிச்சு, "வாங்க, உக்காருங்க"ன்னா.

ஒண்ணும் நடக்கலை. பொம்மை நின்னது நின்னபடி. அண்ணாச்சி நின்னது நின்னபடி. இன்னொரு தடவை சொன்னா, நல்லா இனிமையாத்தான் சொன்னா. நந்தகோபால் வயரை ஆட்டிப் பாத்துட்டு, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "மிஷின் சரியாத்தானுங்க இருக்கு. அன்னைக்கு அந்தம்மா பேசுனதுல என்னமோ ஒண்ணு இருந்துச்சு, இன்னைக்கு அது இல்லீங்க"ன்னாரு.

அது என்னன்னு எங்களுக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரிஞ்சுபோச்சு, அவுக முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. அன்னைக்கு அவ காலையில இருந்து நின்ன நிலை அந்தக் குரல்ல இருந்துச்சு. அந்த வலி இல்லாம அந்தச் சொல்லுக்கு உயிர் கிடையாது.

"கனி, ஒரே ஒரு நாள் நில்லும்மா. காலையில இருந்து பொழுது சாயுத வரைக்கும். எனக்காக நில்லு தாயி"ன்னாவ அண்ணாச்சி. கண்ணுல தண்ணி கொட்டுது. அவ்வளவு பெரிய மனுஷன் கையைக் கூப்பி நிக்கான்.

கனி பச்சைத்தண்ணி மாதிரி, யாரு அழுதாலும் தாங்கமாட்டா. அவ கை நாற்காலிக் கையைப் பிடிச்சு ஊனுச்சு. பிறகு கையை எடுத்து வயித்து மேல வச்சுக்கிட்டா. "என் முதல் பிள்ளை உங்க கடையில நின்னுக்கிட்டே போச்சு அண்ணாச்சி. இதை நான் தரமாட்டேன்"னா. சத்தமே இல்லாமத்தான் சொன்னா.

அண்ணாச்சி என் பக்கம் திரும்புனாவ. "பேச்சி, நீயாவது நில்லும்மா. உனக்கென்ன, திடமா இருக்க." நான் அவுக கண்ணையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். "செல்வரதி, நீ சின்னப் பொண்ணு, உனக்கு முடியும்"னாவ. அவ தரையைப் பாத்தா. படியிலேயும் வராந்தாவுலேயும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு எல்லா மாடிப் பிள்ளைகளும் உக்காந்திருந்தாளுக, பேரு தெரிஞ்சவளைப் பேரைச் சொல்லியும் தெரியாதவளை அம்மா, தாயின்னும் ஒவ்வொருத்தியாக் கேட்டுக்கிட்டே வந்தாவ, வீங்கின காலை இழுத்து இழுத்து. பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

ஒருத்தியும் எந்திரிக்கலை.